அக்கரைக்குப் போன அழைப்பு

அத்தியாயம் 11

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை டார்லா ஹால்வர்சன் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். மாலை ஆறு மணிக்கு நகர மன்றக் கூட்டம். பயந்துபோன முகத்தோடு போய் உட்கார அவளுக்கு இஷ்டமில்லை.

ஹேவர்டன் ஊரில் யாருக்கு என்ன ஆபத்து என்றாலும் 911 அடித்தால் முதலில் கேட்கும் குரல் அவளுடையது. இருபத்தாறு வருடமாக அப்படித்தான். போலீஸ் நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை, ஆறு திரை, இரண்டு நாற்காலி. ஒன்றில் டார்லா, இன்னொன்றில் டெப். இரண்டு பேரில் ஒருவர் எழுந்து போவதென்றால் மாற்று ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் போக வேண்டும். இது டார்லாவே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி.

ஸ்டர்ஜன் ஏரிக்கு அந்தப் பக்கம் போர்ட் எலன். மூன்று மடங்கு பெரிய ஊர். அவர்களுக்கும் ஓர் அழைப்பு மையம் இருக்கிறது, புதுக் கட்டடம், ஐந்து நாற்காலி. இரண்டு மையத்தையும் ஒன்றாக்கிப் போர்ட் எலனிலேயே வைத்துவிடலாமா என்று ஒன்றரை வருடமாகப் பேச்சு. இன்றைக்கு மாலை ஆறு மணிக்கு இரண்டு ஊர் மன்றங்களும் ஒரே நேரத்தில் ஓட்டெடுக்கப் போகின்றன. இரண்டும் சரி என்றால்தான் இணைப்பு.

ஹேவர்டன் மன்றத்தில் ஏழு பேர். மூன்று பேர் சேரலாம் என்கிறார்கள், மூன்று பேர் கூடவே கூடாது என்கிறார்கள். மிச்சமிருப்பது டார்லாவின் தம்பி லைல். கடைத்தெருவில் ஆணி, பெயின்ட், பனி தள்ளும் மண்வெட்டி விற்கும் கடை வைத்திருக்கிறான். போன வாரம் அக்காவின் கார் ஷெட்டில் நின்றுகொண்டு, "உனக்கு எதிரா கை தூக்க மாட்டேன் டார்லா. போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

தம்பி அவள் பக்கம். மகள்தான் அந்தப் பக்கம்.

ஆனிக்காவுக்கு இருபத்தெட்டு வயது. போன இலையுதிர் காலத்தில் போர்ட் எலன் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மா செய்யும் அதே வேலை, ஆனால் அக்கரையில். அதைக்கூட டார்லா ஒருவாறு விழுங்கிவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், "சேர்றதுதான்மா சரி. ஏரி நடுவுல நின்னு போன் பண்ணா அது எந்த ஊருக்குப் போகும்னு யாருக்குமே தெரியல" என்று மகள் சொன்னதைத்தான் விழுங்க முடியவில்லை. டார்லா சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஆனிக்கா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சில்லை.

*

மதியம் ஒரு மணி பதினேழு நிமிடம். போர்ட் எலன் மையம்.

"911. எங்க உதவி வேணும்?" என்றாள் ஆனிக்கா.

"ஓலி துறைல. சீக்கிரம். அவர் உள்ள போயிட்டாரு. வண்டியோட உள்ள போயிட்டாரு!"

ஆனிக்காவின் கை தட்டச்சுப் பலகைமேல் அப்படியே நின்றது. எதிரில் இருந்த வரைபடத்தில் ஓலி துறை என்று எதுவும் இல்லை. 'படகுத் துறை எண் நான்கு' என்று ஒரு புள்ளி இருந்தது. அவளுக்கு வரைபடம் தேவைப்படவில்லை. ஏழு வயதில் அந்தத் துறையில்தான் அவள் நீச்சல் பழகினாள். அது ஹேவர்டன் கரை. ஏரியின் குறுக்கே அலைந்த அழைப்பு பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்தை விட்டுவிட்டுத் தூரத்துக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது.

"உங்க பேர் என்ன?"

"மாவிஸ் லிண்ட். அவர் ஆர்வல். ஏரிப் பனிமேல நிக்கற மீன்பிடிக்கிற குடிலை இழுத்துட்டு வரேன்னு போனாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுக்கலன்னா அபராதம்னு... நான் வேணாம்னு சொன்னேன். பனி கறுத்து இளகிப்போச்சு, வேணாம்னு சொன்னேன்."

"அவர் தெரியறாரா?"

"தலை தெரியுது. ஒரு கை தெரியுது."

ஹேவர்டனின் தீயணைப்பு வண்டிகளை ஆனிக்காவால் கூப்பிட முடியாது. அவர்களுடைய ரேடியோ அலைவரிசை வேறு. அழைப்பை ஹேவர்டன் மையத்துக்கு மாற்றிவிட வேண்டும், அவர்கள்தான் வண்டி அனுப்ப வேண்டும். ஆனிக்கா பொத்தானை அழுத்தினாள்.

மணி அடிக்க ஆரம்பித்தது. அம்மாவின் அறையில் அடிக்கிற மணி, அவள் காதில் கேட்டது.

"மாவிஸ், ஹேவர்டனுக்கு மாத்தறேன். நானும் லைன்லயே இருக்கேன். எங்கயும் போயிடாதீங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"என் வண்டில கயிறு இருக்கு. நான் போறேன்."

"போகாதீங்க! கரைலயே நில்லுங்க. பனி உங்களையும் தாங்காது."

"பக்கத்துலதாம்மா இருக்காரு. நம்ம சர்ச்சு நீளம்கூட இருக்காது."

"தெரியுது மாவிஸ். ஆனா போகக் கூடாது. நீங்களும் விழுந்துட்டா அவர் எங்க இருக்காருன்னு சொல்றதுக்கு ஆளே இருக்காது. அங்கேர்ந்தே கத்துங்க. ரெண்டு கையையும் பனிமேல நீட்டிப் படுத்துக்கச் சொல்லுங்க. காலை உதைக்கச் சொல்லுங்க."

மாவிஸ் கத்துவது கேட்டது. காற்று இரைவது கேட்டது. நடுவில் விடாமல் மணி.

எடும்மா, என்றாள் ஆனிக்கா மனசுக்குள். எடு. எடு.

மைக்கை அணைத்துவிட்டு நாற்காலியோடு திரும்பினாள். "நோரீன்! ஹேவர்டன் எடுக்க மாட்டேங்குது. பனில ஆள் விழுந்திருக்கு. நம்ம காத்தாடிப் படகை அனுப்புங்க."

பெரிய காற்றாடி வைத்த தட்டைப் படகு அது. பனிமேலும் ஓடும், தண்ணீரிலும் ஓடும். ஹேவர்டனில் அப்படி ஒன்று கிடையாது.

மேற்பார்வையாளர் நோரீன் எழுந்தேவிட்டாள். "எந்தக் கரை?"

"அவங்க கரை. ஓலி துறை."

"அவங்க கேக்காம அனுப்ப முடியாதே ஆனிக்கா."

"கேக்கறதுக்கு அவங்க போனை எடுக்கணுமே!"

"தலைவர்கிட்ட கேக்கறேன்" என்று நோரீன் இன்னொரு போனை எடுத்தாள். தீயணைப்புத் தலைவர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய கைப்பேசியில் அடித்தாள். அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது.

ஆனிக்காவின் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நிமிடம் பத்து. ஒரு நிமிடம் முப்பது.

"கை தெரியலம்மா" என்றாள் மாவிஸ். அவள் குரல் திடீரென்று ரொம்ப அமைதியாகிவிட்டது. "தலை மட்டும்தான் தெரியுது. நான் போகட்டுமா?"

"வேணாம் மாவிஸ். நில்லுங்க."

"போகட்டுமா?"

"நில்லுங்க. ப்ளீஸ். அங்கயே நில்லுங்க."

நோரீன் இன்னும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிடம் பதினோரு நொடியில் மணி நின்றது.

"ஹேவர்டன் 911."

"போர்ட் எலன்லேர்ந்து மாத்தறேன். ஓலி துறை. பனி உடைஞ்சு ஒருத்தர் உள்ள விழுந்திருக்காரு, மனைவி கரைல இருக்காங்க. எங்க காத்தாடிப் படகு வேணுமா?"

"வேணும். அனுப்புங்க."

அவ்வளவுதான். எல்லாம் பதிவாகும் லைன். அம்மா, மகள் என்று யாரும் அதில் இல்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

*

அந்த இரண்டு நிமிடம் பதினோரு நொடி டார்லா என்ன செய்துகொண்டிருந்தாள்?

அதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பன்னிரண்டே முக்காலுக்கு டெப் தன் பேச்சை நாலாவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தாள். மாலைக் கூட்டத்தில் மையத்தின் சார்பில் பேச வேண்டியவள் அவள்தான். பத்தொன்பது வருட அனுபவம், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் கழுத்தெல்லாம் சிவந்துவிடும்.

"கை நடுங்குது டார்லா. என் எழுத்து எனக்கே புரியல. நூலகத்துல போய் டைப் பண்ணி எடுத்துட்டு வரட்டுமா? அப்படியே பேசறவங்க பட்டியல்ல பேரையும் குடுத்துடறேன். அரை மணி நேரம்."

மாற்று ஆட்கள் மூன்று மணிக்குத்தான் வருவார்கள். டார்லா சுவரைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மதியம், மார்ச் மாதம்; இந்த நேரத்தில் ஹேவர்டனில் நாய்கூடக் குரைக்காது.

"போயிட்டு வா" என்றாள். "நல்லாப் பெரிய எழுத்துல எடு."

டெப் போனது ஒரு மணி ஐந்துக்கு.

ஒன்று பதினாறுக்கு ஊருக்கு வெளியே பண்ணைப் பாதையிலிருந்து ஓர் அழைப்பு. இளம் தகப்பன் ஒருவன். நாலு மாதக் குழந்தை மூச்சு விடவில்லை, உதடு நீலமாகிவிட்டது. கதறலுக்கு நடுவில் அவன் சொன்ன விலாசம் எந்தப் பட்டியலிலும் இல்லை. "பழைய வெண்ணெய் ஆலைக்குப் பின்னால நிக்குதே டிரெய்லர் வீடு, அதுதானே?" என்று டார்லாவே கேட்டாள். "அதேதான், அதேதான்!" என்றான். ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு, குழந்தையைக் கவிழ்த்து முன்கையில் போட்டு முதுகில் தட்டச் சொன்னாள். திருப்பி, நெஞ்சில் இரண்டு விரல் வைத்து அழுத்தச் சொன்னாள். அவனோடு சேர்ந்து அவளும் எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... நிறுத்தாத கண்ணா. என்னோட சேர்ந்து எண்ணு."

அப்போதுதான் இரண்டாவது மேஜையில் மணி அடித்தது.

போர்ட் எலனிலிருந்து மாற்றி விடுகிற மணி என்று விளக்கின் நிறத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. அந்த மணியை எடுக்க வேண்டுமானால் இந்தத் தகப்பனைக் காத்திருப்பில் போட வேண்டும். போட்டால் அவன் எண்ணுவதை நிறுத்திவிடுவான்.

அவள் எண்ணினாள். மணி அடித்தது. அவள் எண்ணினாள்.

குழந்தை ஒரு தரம் இருமி, வீரிட்டு அழுதது. "அழுவுது! அழுவுது!" என்று அந்தப் பையன் தானும் அழுதான். "பக்கவாட்டுல படுக்க வை, ஆம்புலன்ஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டு டார்லா அடுத்த மேஜைக்குத் தாவினாள். அங்கே கேட்டது மகளின் குரல்.

ஒன்று ஐம்பதுக்கு டெப் திரும்பி வந்தாள். ஒரு கையில் டைப் செய்த பேச்சு இருந்த உறை, இன்னொரு கையில் இரண்டு காப்பி. டார்லாவின் முகத்தைப் பார்த்ததும் காப்பியைக் கீழே வைத்தாள்.

"ஆர்வல் லிண்ட் ஓலி துறைல தண்ணிக்குள்ள போயிட்டாரு" என்றாள் டார்லா. "இப்பதான் எடுத்தாங்க. நாடி இல்லையாம். அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. சில்லிட்டுப் போனவங்க சில சமயம் திரும்பி வருவாங்க. சில சமயம்."

"எப்ப?"

"நீ இல்லாதப்ப."

டெப் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் போனது யாருக்கும் தெரியாது" என்றாள். "நான் சொல்ல மாட்டேன் டார்லா."

அப்போதே டார்லா வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் திரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

*

மூன்று மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹேவர்டனில் பாதி வீடுகளில் அடுப்படியில் போலீஸ் பேசுவதை ஒட்டுக்கேட்கும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

லைலின் கடைக்கு அன்றைக்கு ஆணி வாங்க வந்தவர்கள் யாரும் ஆணி வாங்கவில்லை.

"பாத்தியா லைல், இதுக்குத்தான் சேரணும்கறோம். ஒரே ரூம்ல எல்லாரும் இருந்திருந்தா மாத்தி விடற வேலையே இல்லையே" என்றார் ஒருவர்.

"அந்த வெண்ணெய் ஆலை டிரெய்லரை அக்கரைக்காரன் கண்டுபிடிச்சிருப்பானா? டார்லா இல்லன்னா அந்தக் குழந்தை செத்திருக்கும்" என்றார் இன்னொருவர்.

இரண்டு பேரும் சொன்னது லைலுக்குச் சரியாகவே பட்டது. கடையைப் பூட்டிவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குக் காரை ஓட்டினான்.

டார்லா வேலை முடிந்து காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"விடு, நான் பண்றேன்" என்று சுரண்டியை வாங்கினான்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது லைல். குடு."

கொடுத்தான். "டார்லா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரெண்டு நிமிஷமா? நிஜமா?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"நான் குழந்தையோட லைன்ல இருந்தேன். விட முடியல."

"அது தெரியும். உன்னைக் குத்தம் சொல்ல வரல." அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "ராத்திரியெல்லாம் யோசிச்சு உன் பக்கம்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். இப்ப ஆர்வல் அங்க கிடக்கறாரு. நான் கையைத் தூக்கினாலும் தப்பு, தூக்கலன்னாலும் தப்பு. உனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லேன். எனக்கு உதவியா இருக்கும்."

"பதிவு விசாரணைக்குப் போயிருக்கு. நான் பேசக் கூடாது."

அது உண்மைதான். உண்மையை வைத்தே ஒளிந்துகொள்ளவும் முடியும் என்று டார்லாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டெப் எங்கே இருந்தாள் என்று லைல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவள் பிறகு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

*

ஆறு மணிக்கு மன்ற அறையில் நிற்க இடமில்லை. ஈரக் கம்பளி வாடை. சுவரோரமாக நின்றவர்களின் பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் நனைந்திருந்தது.

டெப்பின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மைக் முன்னால் போய் நின்றாள். கழுத்து சிவந்திருந்தது. தாளைப் பிரித்தாள்.

"நான் பத்தொன்பது வருஷமா இந்த ஊருக்காக போன் எடுக்கறேன். எங்க ரூம்ல ரெண்டே நாற்காலிதான். ஆனா இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட, அதுல ஒண்ணு..."

நின்றுவிட்டாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"பரவால்ல டெப், நிதானமா படி" என்றார் மேயர்.

டெப் தலையைத் தூக்கி டார்லாவைப் பார்த்தாள். காப்பாற்று என்று கேட்கிற பார்வை. இருபத்தாறு வருடமாக அந்தப் பார்வையைக் காதால் கேட்டே பழகியவள் டார்லா.

அவள் எழுந்தாள்.

"அவளைப் படிக்கச் சொல்லாதீங்க. அது உண்மையில்ல."

அறை திரும்பியது. மேடையில் உட்கார்ந்திருந்த லைலும் திரும்பினான்.

"இன்னிக்கு ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. ஒண்ணு அஞ்சுலேர்ந்து ஒண்ணு அம்பது வரைக்கும். டெப் தானா போகல. நான்தான் அனுப்பினேன். இந்தக் கூட்டத்துல பேசறதுக்காக." அவள் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "ஓலி துறை அழைப்பு வந்தப்ப எடுக்க ஆள் இல்ல. நான் இன்னொரு லைன்ல இருந்தேன். இவ இருந்திருந்தா முதல் மணிலயே எடுத்திருப்பா. இதை மதியமே சொல்லியிருக்கணும். சொல்லல."

பின்னால் எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். "அங்க அஞ்சு பேர் இருக்காங்க, இப்படி நடந்திருக்காது" என்றது ஒரு குரல். "ரெண்டு பேரை வச்சு ஊரை ஓட்டச் சொன்னது யாரு? மூணாவது ஆள் வேணும்னு டார்லா கேட்டாளே, குடுத்தீங்களா?" என்றது இன்னொரு குரல். டார்லாவைத் திட்டியும் பேசினார்கள், அவளுக்காகவும் பேசினார்கள். அவள் சொன்னதை இரண்டு தரப்பும் தங்கள் வாதத்துக்கே எடுத்துக்கொண்டன.

ஓட்டெடுப்பு. சேரலாம் என்று மூன்று கை உயர்ந்தது. லைல் தன் கைகளை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலது கையைத் தூக்கினான். அக்காவின் பக்கம் அவன் திரும்பவில்லை.

நாலுக்கு மூன்று. ஹேவர்டன் சேரத் தயார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மன்ற எழுத்தர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மேயரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். மேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போர்ட் எலன் ஓட்டு வந்திருக்கு" என்றார். "அவங்க வேணாம்னுட்டாங்க. ரெண்டுக்கு அஞ்சு."

"ஏன்?" என்றான் லைல்.

"நம்ம கரைக்கு அவங்க படகு வந்த நாப்பது நிமிஷம் அவங்க கரைல படகு இல்லையாம். போனையே எடுக்காத ஊரோட பொறுப்பை நாங்க ஏன் தலைல போட்டுக்கணும்னு கேட்டாங்களாம்."

லைல் நாற்காலியில் சாய்ந்தான். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்ததற்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஏரிக்கு இரண்டு பக்கமும் நாளைக்கும் இரண்டு மையம்தான். நாளைக்கும் அழைப்பு எந்தக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வாசலில் போலீஸ் தலைவர் டார்லாவுக்காகக் காத்திருந்தார். இருபது வருடப் பழக்கம். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விசாரணை முடியற வரைக்கும் நீ வீட்ல இருக்கணும் டார்லா. வேற வழியில்ல."

"அப்ப நாளைக்கு டெப்போட யாரு?"

அவரிடமும் ஆள் இல்லை.

லைல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "டார்லா, நில்லு. நான் எதுக்கு அப்படிப் பண்ணேன்னா..."

"தெரியும் லைல். நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன்."

அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பட்டது.

அவள் காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனாள்.

*

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஆனிக்கா நாலு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். வரக் கூடாது என்று நோரீன் சொல்லியிருந்தாள். அழைத்தவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது வழக்கமில்லை. வழக்கம் தெரிந்தும் வந்துவிட்டாள்.

போனில் பேசியது அவள்தான் என்று முதலில் மாவிஸுக்குத் தெரியவில்லை. டார்லாவின் மகள், அவ்வளவுதான். "காப்பி வேணுமா?" என்று ஆனிக்கா கேட்டதும் அந்த முகம் மெல்லத் திரும்பியது.

"நீதானா அது?"

"ஆமா."

மாவிஸ் இன்னும் ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை. மடியில் ஆர்வலின் ஆரஞ்சு நிறத் தொப்பி. கரையில் கிடந்ததை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.

"நில்லுன்னு சொன்ன. நின்னேன்" என்றாள். "நாப்பத்தொரு வருஷத்துல அவர் பேச்சையே நான் அப்படிக் கேட்டதில்ல."

"நீங்க போயிருந்தா நீங்களும்..."

"தெரியும் கண்ணு. அது தெரியும். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க." தொப்பியைத் தடவினாள். "அவர் என்னைப் பாத்துட்டே இருந்தாரு. நான் ஏன் வரலன்னு நெனச்சிருப்பாரோன்னுதான்."

ஆனிக்கா அவள் பக்கத்தில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

ஏழேகாலுக்கு நடைக் கோடியில் டார்லா வந்தாள். மகளைப் பார்த்தாள், ஒரு நொடி நின்றாள், பிறகு நேராக மாவிஸின் எதிரில் போய் நின்றாள். உட்காரவில்லை.

"மாவிஸ், வேற யாராவது சொல்றதுக்கு முன்னால நானே சொல்லணும்."

சொன்னாள். டெப்பை அனுப்பியது, எதற்காக அனுப்பியது, குழந்தை, இரண்டாவது மேஜை மணி. எதையும் விடவில்லை, எதையும் மென்மையாக்கவில்லை. ஆனிக்கா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தன் காதில் அடித்த ஒவ்வொரு மணிக்கும் அந்தப் பக்கம் அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முடிந்ததும் மாவிஸ் கேட்டாள்.

"அந்தக் குழந்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"பொண்ணா?"

"பொண்ணு."

மாவிஸ் தலையாட்டினாள். "அதை நீ விட்டிருக்க முடியாது."

"முடியாது."

"அந்த இன்னொரு நாற்காலிதான் டார்லா" என்றாள் மாவிஸ். கோபம் இல்லை அந்தக் குரலில். சோர்வுதான் இருந்தது. "அதை நெனச்சா எனக்கு மூச்சு முட்டுது. இப்ப உன்கூட அதைப் பேச என்னால முடியல."

அறைக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி வெளியே வந்தாள்.

"மிஸஸ் லிண்ட், உடம்புச் சூடு திரும்பிடுச்சு. இப்ப ரத்தத்தை ஓட்டிட்டிருக்கற மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாக்கப் போறாங்க, இதயம் தானா பிடிச்சுக்குதான்னு. நீங்க உள்ள வந்து பேசுங்க. கேக்குமான்னு தெரியாது, ஆனா பேசுங்க. கூட ஒருத்தர் வரலாம்."

மாவிஸ் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, தடுமாறினாள். டார்லாவும் ஆனிக்காவும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள்.

அவள் ஆனிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வா கண்ணு. எனக்குக் குரல் வர மாட்டேங்குது. நீ பேசு."

ஆனிக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். போ, என்று டார்லா தலையசைத்தாள்.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. டார்லா கையைக் கட்டிக்கொண்டு நடையிலேயே நின்றாள். உள்ளே யாரோ ஒரு விசையைத் திருப்பும் சத்தம். இயந்திரத்தின் இரைச்சல் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி இறங்கியது. அதற்கு மேலாக மகளின் குரல், அவள் வேலையில் பேசுகிற அதே நிதானமான குரல், கொஞ்சம் மட்டும் உடைந்து கேட்டது.

"ஆர்வல், நான் ஆனிக்கா பேசறேன். மாவிஸ் இங்கதான் இருக்காங்க. உங்க பக்கத்துலயே இருக்காங்க. நான் சொல்றது கேக்குதா?"

இயந்திரம் முற்றிலும் நின்றது. ஆர்வலின் இதயம் தானாகப் பிடித்துக்கொண்டதா என்று டார்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.